பார்க்கட்டும் என்று விட்டது

கொட்டகைக்குக் கேமரா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மாட்டியவர் ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு, "இனிமே உங்க கோழியை உலகமே பார்க்கும்" என்றார். பண்ணைக்காரர் திரும்பிக் கோழிகளைப் பார்த்தார். மூவாயிரத்து இருநூறில் ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை. அது தீவன நேரம். அந்த நேரத்தில் உலகம் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன.

ஏற்பாடு எளிமையானதுதான். முட்டை வாங்கும் கம்பெனி தன் அட்டைப்பெட்டியின் மூடியில் கறுப்பு வெள்ளையில் ஒரு கட்டம் அச்சடித்திருந்தது. கடையில் வாங்குகிறவர் போனை அதன் மேல் காட்டினால் இந்தக் கொட்டகை திரையில் வந்துவிடும். நகரத்தில் ஆறாவது மாடியில் உட்கார்ந்து, காலை முட்டையைக் கரண்டியால் தட்டி உடைத்துக்கொண்டே, அதை இட்டவள் சௌக்கியமா என்று விசாரித்துக்கொள்ளலாம். கீழே கருத்துச் சொல்ல இடமும் விட்டிருந்தார்கள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியாதா என்ன, தெரிந்துதான் கொடுத்தது. பேசுகிற வாடிக்கையாளர்தான் திரும்ப வருகிற வாடிக்கையாளர் என்று அவர்கள் கூட்டத்தில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பண்ணைக்காரருக்கு அப்போது வயது ஐம்பத்து நான்கு. இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். பேச வேண்டியதை அவர் மனைவி பேசிவிடுவார். கொட்டகையை ஒட்டிய சின்ன அறையில் முட்டை தரம் பிரிப்பது மனைவியின் வேலை. விளக்கு வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, தட்டில் அடுக்குவார். பெரிய கொட்டகைக்கு அவர் வருவது முட்டை பொறுக்க மட்டும்தான்.

பண்ணைக்காரருக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது ஒன்றே ஒன்றுதான். தன் பண்ணையில் எந்தக் கோழியையும் சாவுக்காகக் காத்திருக்க வைத்ததில்லை என்பார். தொழிலுக்கு வந்த முதல் வருடம், பிழைத்துவிடும் பிழைத்துவிடும் என்று ஒரு கோழியை மூன்று நாள் மூலையில் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அது கிடந்த கிடையைப் பார்த்த பிறகு ஆசாமி மாறிவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு இடது சுவரோரம் ஆரம்பித்துக் கொட்டகை முழுக்க நடப்பார். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, மற்றவை தீவனத்துக்கு ஓடும்போது ஓடாமல் உட்கார்ந்திருக்கும் கோழியை அவர் கண் விடாது. தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போவார். அந்தக் கதவில் ஸ்பிரிங் வைத்திருந்தது; தானாக மூடிக்கொள்ள நான்கு நொடி ஆகும். கதவு மூடுவதற்குள் வேலை முடிந்திருக்கும். மற்றக் கோழிகள் பார்த்ததில்லை, அந்தக் கோழிக்கும் என்ன நடந்தது என்று தெரிந்திருக்காது.

மனைவிக்கு இது தெரியும். சரி என்றும் தெரியும். ஆனால் அந்த வேலையை மட்டும் அவர் தொட்டதில்லை. கல்யாணமாகி வந்த புதிதிலேயே, "எல்லாம் செய்றேன், அது மட்டும் என்கிட்ட வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அது அவரிடம் வரவில்லை.

கம்பெனியிலிருந்து மாதம் இருமுறை ஓர் இளம்பெண் வருவாள். அவளுடைய பதவி விலங்கு நல ஒருங்கிணைப்பாளர். ஒரே மூச்சில் சொல்ல முடியாத பதவியாக இருந்ததால் வீட்டில் அவளுக்கு 'நலம் மேடம்' என்று பெயராகிவிட்டது. கையில் ஒரு பட்டியல் வைத்திருப்பாள். உட்காரும் கட்டை ஒரு கோழிக்கு எத்தனை அங்குலம், மரத்தூள் எத்தனை அங்குல ஆழம், மண்குளியலுக்கு இடம் உண்டா என்று டிக் போட்டுக்கொண்டே போவாள். முதலில் பண்ணைக்காரர் இதை ஒரு தொல்லையாகத்தான் நினைத்தார். பிறகு உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கட்டையை அகலப்படுத்தியதும் கோழிகளின் பாதப் புண் குறைந்தது. மண்குளியலுக்குத் தொட்டி வைத்ததும் ஒன்றையொன்று கொத்துவது குறைந்தது. மாடி வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இது எப்படித் தெரிந்தது என்று மனைவியிடம் கேட்டார். படிச்சிருக்காங்கல்ல என்று மனைவி சொன்னார். அவர் அதை மனசார ஒப்புக்கொண்டார். ஆக, இந்தக் கதையில் வில்லன் யாரும் கிடையாது. இருந்திருந்தால் வேலை சுலபமாகப் போயிருக்கும்.

தப்பு நடந்தது ஒரு மழை நாளில். ஈரத்தில் பின்கதவு ஊதிப்போய்த் திறக்கவில்லை. அக்குளில் ஒரு கோழி. வயிற்றுக்குள்ளேயே முட்டை உடைந்து சீழ் வைத்த கோழி. இரண்டு நாளாவது துடிக்கும், பிழைக்காது. கதவை ஒரு தடவை தோளால் இடித்துப் பார்த்தார். பிறகு, சரி என்று நின்ற இடத்திலேயே முடித்தார். கேமராவை நினைக்கவே இல்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கத்துக்கு முன்னால் நான்கு மாதக் கேமரா எம்மாத்திரம்.

மத்தியானத்துக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். கொலைகாரன் என்றார்கள். அந்த ஆளின் முகத்தைப் பாருங்கள், ஒரு சலனம்கூட இல்லை என்றார்கள். அவனுக்கும் அப்படியே செய்ய வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார்; அவருடைய படத்தில் அவர் வறுத்த கோழித்தொடை ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். பண்ணைக்காரர் எல்லாவற்றையும் படித்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று மனைவி போனைப் பிடுங்கி வைத்த பிறகும் மறுபடி எடுத்துப் படித்தார்.

நலம் மேடம் போனில் அழைத்தாள். அவர் அந்தக் கோழிக்கு என்ன வந்திருந்தது என்று விளக்கினார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எனக்குப் புரியுது சார். ஆனா அவங்க கண்ணுக்கு நீங்க ஒரு உயிரைக் கொன்னதுதான் தெரியுது. அதோட வலி தெரியல."

மறுநாள் கம்பெனி எழுதிக் கொடுத்த மன்னிப்பை அவர் கேமரா முன் நின்று படித்தார். கூடவே ஒரு புதிய விதியும் வந்தது. இனி அவர் கையால் எந்தக் கோழியையும் முடிக்கக் கூடாது. சீக்கானவற்றைப் பின்னறையில் தனித்தனிப் பெட்டியில் வைத்து, எண் போட்டு, பதிவு செய்ய வேண்டும். கால்நடை மருத்துவர் வந்து பார்த்து முடிவெடுப்பார். மருத்துவர் வாரத்துக்கு ஒரு நாள், வியாழக்கிழமை வருவார்.

முதல் கோழி வெள்ளிக்கிழமை காலையில் பெட்டிக்குப் போயிற்று. திங்கட்கிழமை சாயங்காலம் செத்தது. அந்த நான்கு நாளும் பண்ணைக்காரர் மணிக்கொரு தடவை போய்ப் பார்த்தார், சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை வந்த மருத்துவர், காலிப் பெட்டியையும் பதிவேட்டையும் பார்த்துவிட்டு, எனக்கே நீங்கதான் வைத்தியம் சொல்லித் தரணும், என்னைப் போய்த் தீர்ப்புச் சொல்ல வைக்கிறாங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது வாரம் காலையும் மாலையும் மட்டும் போய்ப் பார்த்தார். மூன்றாவது வாரம் தண்ணீர் வைப்பதற்கு மட்டும். அதற்குப் பிறகு பெட்டிகளுக்கு முன்னால் நடக்கும்போது பார்வையை நேராக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இது புளிக்கவும் இல்லை, கசக்கவும் இல்லை. நாக்கு மரத்துப்போனவன் சாப்பிடுவதைப்போல நாட்கள் உள்ளே போயின. மனைவி ஏதாவது கேட்டால் பதில் சொன்னார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை என்று அன்றைக்கு எழுதினார்களே, அது இப்போதுதான் உண்மையாயிற்று.

சரி, ஒத்துவராவிட்டால் கம்பெனியை விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். மனைவியின் தம்பி அப்படித்தான் கேட்டான். சுற்று வட்டாரத்தில் முட்டை வாங்க வேறு ஆள் கிடையாது. இருந்த இருவரையும் இதே கம்பெனி விழுங்கியாயிற்று. ஒப்பந்தம் வருடக் கடைசியில் முடிகிறது. புதுப்பித்தால் பண்ணை இருக்கும், இல்லாவிட்டால் கொட்டகை இருக்கும், பண்ணை இருக்காது. அதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தபோது இளவரசி வந்து சேர்ந்தாள்.

இளவரசி என்பது பார்வையாளர்கள் வைத்த பெயர். பண்ணைக்காரர் கோழிக்குப் பெயர் வைக்கிறவரல்ல. மூவாயிரத்து இருநூறுக்கும் பெயர் வைத்தால் தினமும் வருகைப் பதிவு எடுக்கத்தான் நேரம் இருக்கும். தரைப் பலகையின் இடுக்கில் கால் மாட்டி முறுக்கிக்கொண்ட கோழி அது. தப்பி ஓட முடியாமல் கிடந்ததில் மற்றவை முதுகைக் கொத்திவிட்டிருந்தன. இவர் போய் எடுப்பதற்குள் கேமராவில் யாரோ பார்த்துவிட்டார்கள். காப்பாற்றுங்கள் என்று ஆயிரம் பேர். பழைய நாளாக இருந்தால் கதவு மூடும் நேரத்தில் முடிந்திருக்கும் கோழி அது. இப்போது அதற்குத் தனிக் கூண்டு, அதுவும் பின்னறையில் அல்ல, கொட்டகையின் முன்பக்கம், கேமராவுக்கு நேர் கீழே. கம்பெனியே அப்படி வைக்கச் சொன்னது.

வேடிக்கை என்னவென்றால், அது பிழைத்தது. காலைக் கட்டி வைத்தார், கட்டு பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் நின்றது. பதினைந்தாம் நாள் நடந்தது. அவர் கையிலிருந்து தானியம் கொத்தித் தின்னப் பழகிற்று. கையைக் கூண்டுக்குள் விட்டால் மணிக்கட்டின் மேல் ஏறி உட்காரும். தன் கணக்கு ஒரு கோழி விஷயத்தில் தப்பாகிப் போனதை அவர் ஒளிக்கவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி எத்தனையை அவசரப்பட்டு முடித்தேனோ என்று ஒரு தடவை மனைவியிடம் சொன்னார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் குரலில் ஏதோ ஒன்று இருந்ததாக மனைவிக்குத் தோன்றியது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அன்பு நிறைந்தவர்களுக்கு நிறுத்தத் தெரியாது. கூண்டில் தனியாக இருக்கிறாளே, முகம் வாடியிருக்கிறதே, தோழிகளை நினைத்து ஏங்குகிறாளே என்று ஆரம்பித்தார்கள். குணமாகிவிட்டவளை ஏன் சிறையில் வைத்திருக்கிறீர்கள் என்றார்கள். கம்பெனி ஓட்டெடுப்பு வைத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் இளவரசியைக் கூட்டத்தோடு சேர்க்கச் சொன்னார்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணி என்று நாளும் குறித்து அறிவித்தாகிவிட்டது.

கோழியை வளர்த்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட யோசனை என்று தெரியும். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. மூன்று வாரம் கூட்டத்தை விட்டுக் கூண்டில் இருந்த கோழி அந்த வரிசையில் கிடையாது, அது வெளியாள். போதாததற்கு இளவரசியின் முதுகில் காசளவுக்கு இறகு முளைக்காமல் சிவப்பாக இருந்தது. சிவப்பைக் கண்டால் கோழி கொத்தும். ஒன்று கொத்தினால் பத்து வரும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்கிற பழமொழி தாய்க்கோழிக்குப் பொருந்தும். மூவாயிரம் பேருக்கு நடுவில் காயத்தோடு நிற்கிற அந்நியக் கோழிக்குப் பொருந்தாது.

நலம் மேடத்திடம் அவர் இதைச் சொன்னார். அவள் பதறித்தான் போனாள். "அப்படின்னா அதையே எழுதிக் கொடுங்க சார். நான் மேல காட்டி நிறுத்துறேன்" என்றாள். ஒரு தாள், நாலு வரி, ஒரு கையெழுத்து. அவளும் சனிக்கிழமை சாயங்காலம் வரை காத்திருந்தாள்.

அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பதினோராயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பண்ணைக்காரர் கூண்டைத் திறந்து கையை நீட்டினார். இளவரசி வழக்கம்போல மணிக்கட்டின் மேல் ஏறிக்கொண்டது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இறக்கி விட்டார். படத்தில் குறுக்கே வரவேண்டாம் என்று சொல்லியிருந்ததால் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கிட்ட இருந்த கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. இளவரசி தண்ணீர் குடித்தது. திரையில் இதயப் படங்களாக வந்து விழுந்திருக்கும். பிறகு ஒரு கோழி பின்பக்கமாக வந்து, தலையைச் சாய்த்து அந்தச் சிவப்பைப் பார்த்து, ஒரு தடவை கொத்தியது. இளவரசி ஓடியது, முழுக்கச் சரியாகாத காலோடு. ஓடுகிறதைத் துரத்துவது கோழிக்குச் சுபாவம். அதற்கப்புறம் படத்தில் இளவரசியைப் பார்க்க முடியவில்லை, மற்றக் கோழிகளின் முதுகுகள்தான் தெரிந்தன.

அவர் மூன்று எட்டு தூரத்தில் நின்றிருந்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் நகரவில்லை.

பிறகு போய்க் கோழிகளைக் காலால் விலக்கி, குனிந்து எடுத்தார். எடுத்ததுமே தெரிந்தது. பின்பக்கம் கிழிந்து குடல் வெளியே வந்திருந்தது. உயிர் இருந்தது. இனிச் செய்வதற்கு நான்கு நொடி வேலை ஒன்றுதான் பாக்கி. அவர் நினைப்பதற்கு முன்பே கை அதன் கழுத்துக்குப் போய்விட்டது, இரண்டு விரலும் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன.

கேமராவின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவர் விரல்களைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளி மேல் உட்கார்ந்தார். கோழியை மடியில் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டார். மருத்துவருக்குப் போன் செய்தார். அவர் எங்கோ ஒரு மாட்டுப் பிரசவத்தில் இருந்தார், கிளம்பி வர ஒரு மணி நேரமாகும் என்றார். சரி என்று வைத்தார். இளவரசியின் கால் அவர் கட்டைவிரலைப் பிடித்து இறுக்குவதும் விடுவதுமாக இருந்தது. தண்ணீர்க் குழாயின் மூன்றாவது இணைப்பு ஒழுகுகிறதைப் பார்த்தார். அதை மாற்ற வேண்டும் என்று நினைத்தார். வேறொன்றும் அவருக்குள் நடக்கவில்லை. நடுவில் ஒரு தடவை மனைவி தரம் பிரிக்கும் அறையின் வாசலில் வந்து நின்றார். கோழியைப் பார்த்தார், கணவரின் கையைப் பார்த்தார், உள்ளே போனார். உயிர் போக நாற்பது நிமிடம் ஆயிற்று.

இனி கம்பெனி போயிற்று, பண்ணை போயிற்று என்றுதான் அவர் நினைத்தார். நடந்ததோ வேறு. சாயங்காலத்துக்குள் அந்த நாற்பது நிமிடத்தைச் சுருக்கி, பின்னணியில் மெல்லிய வாத்தியம் சேர்த்து, ஒன்றரை நிமிடப் படமாக யாரோ போட்டுவிட்டார்கள். 'கடைசி மூச்சுவரை கையை விடாத மனிதர்' என்று அதற்குத் தலைப்பு. இலட்சக்கணக்கில் பார்த்தார்கள். இவரையா கொலைகாரன் என்றோம் என்று பழைய ஆட்களே வந்து மன்னிப்புக் கேட்டார்கள். தன் அம்மா இறக்கும்போது தானும் இப்படித்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாக ஒரு பெண் எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது மட்டும் அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை நலம் மேடம் நேரில் வந்தாள். அழுது வீங்கிய கண். மூன்று வருட ஒப்பந்தம் கொண்டுவந்திருந்தாள். அட்டைப்பெட்டியில் இனி அவர் படமும் வரும் என்றாள். அவர் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் சொன்னார்.

"அது நாப்பது நிமிஷம் துடிச்சுது மேடம். நாலு நொடியில முடிச்சிருக்கலாம். நான்தான் முடிக்கல."

பட்டியல் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்" என்றாள் கடைசியில். மிரட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரம் ஆணி வாங்கக் கடைக்குப் போனவரை ஒரு அம்மாள் அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். பரவாயில்லைங்க என்றார் பண்ணைக்காரர். அந்த அம்மாள் விடுகிற வரையில் கையைக் கொடுத்துவிட்டு நின்றார். வேறொருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள் என்பதுபோல்தான் அவருக்கு இருந்தது. பிறகு ஆணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மனைவியிடம் ஒப்பந்தத்தைக் காட்டினார். மனைவி வேலையை நிறுத்தவில்லை. விளக்கு முன் முட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எழுதிக் கொடுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல?"

"சொல்லுச்சு."

"ஏன் கொடுக்கல? ஒப்பந்தம் போயிடும்னா?"

அவர் யோசித்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். மனைவியும் அதை ஏற்றுக்கொண்டு மேலே கேட்காமல் இருந்திருப்பார்.

"இல்ல. பார்க்கட்டும்னு விட்டேன்."

மனைவியின் கை நின்றது.

"வெளியிலிருந்து இதைச் செய், அதைச் செய்யுன்னு சொல்றாங்கல்ல. கோழின்னா என்னன்னு ஒரு தடவை கண்ணால பார்க்கட்டும், அப்ப புரியும்னு நினைச்சேன். அது என் கையில ஏறி உட்கார்ந்துச்சு. தெரிஞ்சேதான் இறக்கி விட்டேன்."

"பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

மனைவி முட்டையைத் தட்டில் வைத்தார். வாழ்க்கையில் ஒரு கெட்ட வார்த்தை பேசாத மனுஷி, அன்றும் பேசவில்லை. அடுத்த முட்டையை எடுத்தார். அன்று இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். முட்டையிடும் கோழிக்குத்தான் வலி தெரியும் என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது எல்லாம் தெரிந்த மனிதர் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது என்று மனைவிக்குத் தெரியவில்லை. அவர் மேல் கோபம் வந்தது. இத்தனை மாதமாக மரக்கட்டையாக நடமாடிய மனிதரிடம் நாம் ஒரு வார்த்தை கேட்டோமா என்று தன் மேலும் வந்தது.

எட்டு நாள் கழித்து, காலை ஆறு மணி. அவர் இடது சுவரோரம் ஆரம்பித்தார். இப்போதெல்லாம் அந்த நேரத்துக்கே சில ஆயிரம் பேர் விழித்துக் காத்திருக்கிறார்கள், கோழிகளைப் பார்க்க அல்ல, அவரைப் பார்க்க. அவர் குனிந்தால் எதற்குக் குனிகிறார், ஒன்றைத் தூக்கினால் எங்கே கொண்டுபோகிறார் என்று கண் கொட்டாமல் பின்தொடர்வார்கள். பத்தடி நடந்திருப்பார். சுவரை ஒட்டி ஒரு கோழி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வயிறு தரையில் பட, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இருந்தது. முட்டை உள்ளே உடைந்த கேஸ். வியாழக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்.

நின்றார். கையை நீட்டினார். பிறகு நீட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

மனைவி முட்டை வாளியோடு பக்கத்தில் வந்து நின்றார். முட்டை பொறுக்குகிற பெண்பிள்ளையைக் கேமராவில் யாரும் பார்ப்பதில்லை. இந்த ஒரு வருடத்தில் அவரைப் பற்றி ஒரு வரி எழுதினவர் கிடையாது. வாளியின் மேல் ஒரு துணி போட்டிருந்தார்.

"நீங்க கேமரா முன்னாடி போய் நில்லுங்க" என்றார், கணவரின் முகத்தைப் பார்க்காமல்.

"உனக்கு வராது. வேணாம்."

"எங்க பிடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னார். தலைக்குப் பின்னால் இரண்டு விரல், கால் மறு கையில். கீழே இழுத்து, கையைப் பின்னால் மடக்க வேண்டும், தயங்கக் கூடாது. திசை சொல்பவரைப்போலச் சொன்னார். மனைவி தலையாட்டினார், கோழியை வாளிக்குள் வைத்துத் துணியால் மூடிக்கொண்டு பின்கதவுப் பக்கம் போனார்.

அவர் கொட்டகையின் முன்பக்கம் போய், கேமராவுக்கு நேராக நின்று, தீவனத்தை அள்ளிக் கையில் ஏந்தினார். நான்கைந்து கோழிகள் வந்து கையைக் கொத்தின. திரையில் அவருக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நிமிர்ந்து லேசாகச் சிரித்தார். அவர்களுக்கு அது பிடிக்கும் என்று நலம் மேடம் சொல்லியிருந்தாள். நேரம் போயிற்று. ஆகவேண்டியதை விட அதிக நேரம் ஆயிற்று. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் அவர் திரும்பவில்லை.

மனைவி வந்தார். வாளி இடுப்பில் இருந்தது. முகத்தில் இரத்தமே இல்லை. கோழிகள் முட்டையிடும் பெட்டிகளைத் திறந்து பார்ப்பவரைப்போல அவருக்குப் பின்னால் குனிந்துகொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"முதல் தடவை சரியா விழல. அது என்னைப் பார்த்துச்சு. ரெண்டாவது தடவைதான் முடிஞ்சுது."

"அடுத்த தடவை ஒரே இழுப்புல வந்துடும்" என்றார் அவர், உதட்டிலிருந்த சிரிப்பை எடுக்காமல். பிறகு கேமராவைப் பார்த்துக் கையசைத்தார்.